எண்சுவடியும் அங்குலக் கோலும்: தமிழ்ப் பெருக்கல் வாய்பாட்டின் வரலாறும் இர்விங் நகரத் தமிழ்க் குழந்தைகளும்

முன்னுரை

பெருக்கல் வாய்பாட்டைத் தொடக்கக் கணக்குப் பாடத்தின் ஒரு சிறு பகுதியாக மட்டுமே காண்பது இன்றைய வழக்கம். பள்ளிக் குழந்தை அதை மனப்பாடம் செய்கிறது, தேர்வில் பயன்படுத்துகிறது, பின்னர் அது எப்படி மனத்தில் படிந்தது என்பதையே மறந்துவிடுகிறது. ஆனால் வாய்பாட்டுக்கு வரலாறு உண்டு. ஒரு சமுதாயம் எதை அளந்தது, எப்படி விற்றது, எந்த மொழியில் கணக்கிட்டது என்பனவற்றின் சுவடுகள் அதில் பதிந்துள்ளன. தமிழகத்தின் எண்சுவடி இதற்குச் சிறந்த சான்றாகும்.

எண்சுவடியின் அமைப்பையும் அது திண்ணைப் பள்ளிகளில் பயிற்றப்பட்ட முறையையும் அது சுருங்கிய காரணங்களையும் இக்கட்டுரை முதலில் ஆராய்கிறது. பின்னர் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை ஒட்டியுள்ள இர்விங் நகரின் தமிழ்க் குழந்தைகள் இன்று வாய்பாடு கற்கும் சூழலோடு அவ்வரலாற்றை இணைத்துப் பார்க்கிறது. புலம்பெயர்ந்த வீடுகளில் தமிழ் எழுத்தைக் காக்க எடுக்கப்படும் முயற்சி தமிழ் எண்ணுக்கு எடுக்கப்படவில்லை என்பதும், எண்சுவடியின் ஒரு பகுதிக்கு அமெரிக்க மண்ணில் இன்றும் பயன் உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

வாய்பாடு என்னும் சொல்

தமிழில் வாய்பாடு என்னும் சொல் கணக்குக்கு மட்டும் உரியதன்று. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் எனச் சீர்களை அளக்கும் யாப்பிலக்கணக் குறியீடுகளும் வாய்பாடு என்றே வழங்குகின்றன. இரண்டு இடங்களிலும் ஓர் அமைப்பை வாயால் சொல்லி மனத்தில் நிறுத்தும் செயலையே அச்சொல் குறிக்கிறது. செய்யுளின் ஓசையை வாய்பாட்டால் அளந்த அதே பண்பாடு நெல்லையும் நிலத்தையும் வாய்பாட்டால் அளந்தது.

பெருக்கல் வாய்பாடு தமிழருக்கு மட்டும் உரியதும் அன்று. மெசபொத்தேமியாவின் நிப்பூர் நகரில் ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் எழுதிப் பழகிய களிமண் பலகைகளில் அறுபதின் அடுக்கில் அமைந்த வாய்பாடுகள் கிடைத்துள்ளன. சீனாவின் ஹுனான் மாகாணத்திலுள்ள லீயே என்னும் இடத்தில் 2002இல் வெளிப்பட்ட சின் அரசமரபுக் காலத்து ஏடுகளில் ஒன்பது வரையிலான பெருக்கல் வாய்பாடு எழுதப்பட்டுள்ளது. அதன் வழிவந்த ‘குக்கு’ என்னும் வாய்பாட்டை இன்றும் ஜப்பானியக் குழந்தைகள் இரண்டாம் வகுப்பில் ஓதுகின்றனர். இந்த உலகப் பரப்பில் தமிழ் எண்சுவடிக்குத் தனி இடத்தைத் தருவன, அதில் முழு எண்களுக்கு இணையாகப் பின்னங்கள் பெற்றுள்ள இடமும், எண்ணுப் பெயர்களைத் தமிழ் புணர்க்கும் முறையும் ஆகும்.

எண்சுவடியின் அமைப்பு

திண்ணைப் பள்ளியில் கணக்குக் கல்வி மூன்று படிகளில் அமைந்திருந்தது. எண்களையும் பின்னங்களையும் அவற்றின் குறிகளோடு அறிமுகம் செய்வது பொன்னிலக்கம். நெல் முதலியவற்றை அளக்கும் முகத்தல் அளவைகளை வரிசைப்படுத்துவது நெல்லிலக்கம். இவ்விரண்டையும் கடந்த மாணவன் அடுத்துக் கற்ற பெருக்கல் வாய்பாடுகளின் தொகுதியே எண்சுவடி. தெ. செந்தில் பாபுவின் ஆய்வுகள் இச்சுவடிகளைத் தமிழ்ச் சமுதாயத்தின் உழைப்பு, நிலவுடைமை, வரி ஆகியவற்றோடு பொருத்தி விளக்கியுள்ளன. எண்சுவடியைக் கற்று முடித்தவனுக்கே காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் பயன்பட்டன.

எண்சுவடியில் முழு எண்களின் வாய்பாடுகளை அடுத்துப் பின்னங்களின் வாய்பாடுகள் நிற்கின்றன. முக்கால், அரை, கால் என்பன யாவரும் அறிந்தவை. அரைக்கால் என்பது 1/8. மாகாணி அல்லது வீசம் என்பது 1/16. மற்றொரு வரிசை இருபதின் வழியே இறங்குகிறது: மா 1/20, அரைமா 1/40, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. முந்திரியையும் ஓர் அலகாகக் கொண்டு மேலும் பகுத்தால் கீழ்முந்திரி கிடைக்கும். அதன் மதிப்பு 1/1,02,400. இவை ஏட்டளவில் நின்ற நுணுக்கங்கள் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலப்பரப்பு முந்திரி, கீழ்முந்திரி வரை பகுத்துக் குறிக்கப்பட்டுள்ளது.

பின்னங்களின் பெயர்களே அளவைகளின் பெயர்களாகவும் இருந்தன. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. எனவே ஒரு மா நிலம் என்பது வேலியில் இருபதில் ஒரு பங்கு. மா என்னும் பின்னத்தின் மதிப்பும் அதுவே. எண்சுவடியில் இடம்பெறும் குழிமாற்று என்பது ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் வாய்பாடு. பக்கம் 16 கோல் உடைய சதுர நிலத்தின் பரப்பு 256 குழி, அதாவது 2 மா 56 குழி, என்று கணக்கன் வயல் வரப்பில் நின்றே சொல்ல வேண்டியிருந்தது. முகத்தல் அளவையிலும் இதே நிலைதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஒரு கலத்துக்கு 96 நாழி. பெரும்பாலும் இரட்டித்தும் பாதியாக்கியும் செல்லும் இந்த வரிசையில் அரை, கால், அரைக்கால் வாய்பாடுகள் அன்றாடக் கருவிகளாயின.

புணர்ச்சியும் பெருக்கலும்

எண்சுவடி மனத்தில் எளிதில் நிலைத்ததற்குத் தமிழின் சொற்புணர்ச்சி பெரிதும் துணை செய்தது. எண்ணுப் பெயர்கள் பிற எண்களோடும் அளவு, நிறைப் பெயர்களோடும் எவ்வாறு புணரும் என்பதைத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விரிவாகக் கூறுகிறது. இரண்டு என்பது உயிரெழுத்தின் முன் ‘ஈர்’ எனவும் மெய்யெழுத்தின் முன் ‘இரு’ எனவும் திரிகிறது. மூன்று ‘மூ’ எனவும் ‘மு’ எனவும், ஐந்து ‘ஐ’ எனவும், எட்டு ‘எண்’ எனவும் நிற்கின்றன. இதனால் பெருக்கல் முழுவதும் ஒரே கூட்டுச் சொல்லில் அடங்கிவிடுகிறது: ஈராறு பன்னிரண்டு, மும்மூன்று ஒன்பது, மூவாறு பதினெட்டு, ஐயைந்து இருபத்தைந்து, ஏழெட்டு ஐம்பத்தாறு. பெருக்கலைக் குறிக்கும் தனிச்சொல்லோ சமம் என்னும் சொல்லோ தேவைப்படுவதில்லை. முதற்சொல் வினா, அடுத்த சொல் விடை.

இவ்வமைப்பு பேச்சு வழக்கிலும் ஊறியுள்ளது. ஈரேழு பதினான்கு உலகம் என்னும் தொடரும் எண்ணெண் கலை என்னும் வழக்கும் வாய்பாட்டின் வடிவங்களே. இருபது, முப்பது, முந்நூறு என்னும் எண்ணுப் பெயர்களுக்குள்ளேயே பெருக்கல் உள்ளது. இலக்கணம் இருபதை ‘இரண்டாகிய பத்து’ எனவும் பதினொன்றைப் ‘பத்தும் ஒன்றும்’ எனவும் விரித்துக் காட்டுகிறது. முன்னதில் பெருக்கலும் பின்னதில் கூட்டலும் மறைந்து நிற்கின்றன. தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியவை இவ்வொழுங்கிலிருந்து விலகுவதால் குழந்தைகள் அவற்றில் தடுமாறுவது உண்டு. ‘நாலைந்து’ என்பது சூழலுக்கேற்ப இருபதையும் ‘நான்கு அல்லது ஐந்து’ என்பதையும் குறிக்கும். இத்தகைய இடங்கள் கற்பிப்பவர்க்கு இலக்கணத்தையும் கணக்கையும் ஒருங்கே விளக்க வாய்ப்பளிக்கின்றன.

திண்ணைப் பள்ளியின் பயிற்றுமுறை

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் நாட்டுப் பள்ளிகள் குறித்த அறிக்கைகளைக் கேட்டார். அவற்றைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர். தரம்பால் இவ்வறிக்கைகளை 1983இல் நூலாக்கினார். பல்லாரி ஆட்சியர் கேம்பெல் அனுப்பிய அறிக்கை பள்ளியின் அன்றாட நடப்பை நுணுக்கமாக விவரிக்கிறது. மணலில் விரலால் எழுதிப் பழகுதல், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பித்தல், சிக்கனமான கருவிகள் ஆகியவற்றை அவர் பாராட்டியுள்ளார்.

மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முதலில் சொல்ல, மற்றவர் கூட்டாகத் திரும்பச் சொல்லும் ‘முறை வைத்தல்’ எண்சுவடியின் பயிற்றுமுறையாக இருந்தது. காதால் கேட்பது, வாயால் சொல்வது, மணலிலும் பின்னர் ஓலையிலும் எழுதுவது ஆகிய மூன்றும் சேர்ந்து நடந்தன. ஒரு வாய்பாட்டின் விடைகளைக் கூட்டி வரும் தொகையையும் சேர்த்து நினைவில் வைக்கும் வழக்கம் இருந்தது. ஒன்று முதல் பத்து வரையிலான எண்களின் கூட்டுத்தொகை 55 ஆதலால் ஏழாம் வாய்பாட்டின் பத்து விடைகளைக் கூட்டினால் 385 வர வேண்டும். வரவில்லையெனில் இடையில் பிழை உள்ளது. மாணவன் தன் நினைவைத் தானே சோதித்துக்கொள்ளும் வழி இது. எண்சுவடியைப் பொருளறியா உருப்போடல் என ஒதுக்குவோர் இக்கூற்றைக் கருத வேண்டும்.

ஆயினும் அக்கல்வியைப் புனைந்து உயர்த்துவதும் வரலாறாகாது. திண்ணைப் பள்ளிகளில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. நிலத்தை உழுது நெல்லை அளந்து கொடுத்த ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கு அவற்றின் வாயில் பெரும்பாலும் மூடியே இருந்தது. அளவைக் கணக்கு அறிந்தவனிடம் அதிகாரம் இருந்தது. அறியாதவன் அவன் சொன்ன விடையை ஏற்க வேண்டியிருந்தது. கோதண்டம் போன்ற கொடுந்தண்டனைகளும் நடைமுறையில் இருந்தன. உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இப்பள்ளி வாழ்வை நேரில் கண்டவரின் பதிவாக நமக்குக் கிடைத்துள்ளது. வாய்பாட்டை அச்சத்தோடு பிணைத்த கற்பித்தல் முறையை இன்று யாரும் மீட்க வேண்டியதில்லை.

எழும்பூரிலிருந்து நியூயார்க் வரை

திண்ணைப் பள்ளியின் பயிற்றுமுறை கடல் கடந்த வரலாறும் குறிப்பிடத்தக்கது. எழும்பூரில் இயங்கிய ஆண் ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அது ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் இதனை ஒத்த முறையைத் தனித்து வளர்த்தார். இருவருள் முந்தியவர் யார் என்ற விவாதம் நெடுநாள் நீடித்தது. லங்காஸ்டரின் முறையைப் பின்பற்றி 1806இல் நியூயார்க்கில் ஏழைச் சிறுவர்க்கான இலவசப் பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்கப் பொதுக்கல்வியின் தொடக்கக் கட்டத்தில், சட்டாம்பிள்ளையை ஒத்த மாணவத் தலைவர் வாய்பாட்டைச் சொல்ல வகுப்பு திருப்பிச் சொன்னது.

அதற்கு மறுப்பும் விரைவில் எழுந்தது. வாரன் கோல்பர்ன் 1821இல் பாஸ்டனில் வெளியிட்ட மனக்கணக்கு நூல், பெஸ்டலோசியின் கருத்துகளைத் தழுவி, விதிகளை ஓதுவதற்கு முன் பொருள்களைக் கொண்டு எண்ணை உணர்த்த வேண்டும் என்ற நெறியில் அமைந்தது. மனப்பாடமா, பொருள் உணர்தலா என்று அன்று தொடங்கிய விவாதம் அமெரிக்கக் கணிதக் கல்வியில் இன்றுவரை ஓயவில்லை.

வாய்பாடு சுருங்கிய வரலாறு

தமிழகத்தில் எண்சுவடியின் பின்ன வாய்பாடுகள் எவ்வாறு மறைந்தன? அச்சு இதற்குக் காரணமன்று. 19ஆம் நூற்றாண்டில் எண்சுவடி அச்சு வடிவில் பரவலாகவே விற்றது. அரசு ஆய்வுக்கும் மானியத்துக்கும் உட்பட்ட புதிய பள்ளிகளில் ஐரோப்பியக் கணக்கு முறையும் பகுதி, தொகுதி என எழுதும் பின்ன முறையும் நிலைபெற்றபோது, மா, காணி, முந்திரி ஆகியவை பள்ளியிலிருந்து விலகின. எனினும் ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை ஒரு பகுதி உயிரோடிருந்தது. ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி, இரண்டணா அரைக்கால், நான்கணா கால். கடைக்காரருக்கு மாகாணி வாய்பாடு நாள்தோறும் தேவைப்பட்டது. தமிழகத்தில் பதினாறாம் வாய்பாடு வரை மனப்பாடம் செய்யும் வழக்கம் நிலைத்ததையும் இந்தப் பதினாறின் ஆட்சியோடு பொருத்திப் பார்க்கலாம். பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங்காக இருந்த பிரிட்டனில் பன்னிரண்டாம் வாய்பாடு வரை கற்றதும் இத்தகையதே.

1957 ஏப்ரல் 1ஆம் நாள் ரூபாய்க்கு 100 நயா பைசா என்னும் பதின்ம நாணயம் நடைமுறைக்கு வந்தது. 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து 1958 முதல் 1962க்குள் மெட்ரிக் அளவைகள் படிப்படியாகப் புகுந்தன. படியும் மரக்காலும் சந்தையிலிருந்து மெல்ல நீங்கின. அளக்க வேண்டிய பொருள் வேறு அலகுக்கு மாறியபின் அதற்குரிய வாய்பாட்டுக்கு வேலை இல்லை. கால், அரை, முக்கால் மட்டும் பேச்சில் எஞ்சின. அரைக்காலும் மாகாணியும் அகராதிக்குச் சென்றன. எண்சுவடியின் மறைவுக்குத் தமிழரின் மறதியை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. அளவைகள் மாறியதே அடிப்படைக் காரணம்.

டாலஸ் வட்டாரமும் கணிப்பானும்

வாய்பாட்டின் தேவையையே கேள்விக்கு உள்ளாக்கிய கருவி பிறந்த இடம் இர்விங்கின் அண்டை நகரான டாலஸ். அங்குள்ள டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி, ஜெர்ரி மெர்ரிமன், ஜேம்ஸ் வான் டாசல் ஆகியோர் 1965இல் தொடங்கி 1967இல் கையடக்கக் கணிப்பானின் முதல் மாதிரியை உருவாக்கினர். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் அது செய்தது. அடுத்த பத்தாண்டுகளில் கால்குலேட்டர் மாணவர் கைக்கு வந்தது. 1980இல் அமெரிக்கக் கணித ஆசிரியர் தேசியப் பேரவை எல்லா வகுப்புகளிலும் அதைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது.

அதே நிறுவனம் 1976இல் ‘லிட்டில் புரொபசர்’ என்னும் விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கணிப்பானுக்கு நேர்மாறானது அது: கருவி வினாவைக் கேட்கும், குழந்தை விடை தர வேண்டும். தவறினால் பிழைக்குறி காட்டும். மூன்று முறை தவறினால் சரியான விடையைக் காட்டும். பெருக்கலைச் செய்துதரும் கருவியைப் படைத்தவர்களே குழந்தையின் நினைவைப் பயிற்றும் கருவியையும் படைக்க நேர்ந்தது. அடிப்படைப் பெருக்கல் உடனடியாக நினைவுக்கு வராத மாணவர் பின்னங்களிலும் இயற்கணிதத்திலும் இடர்ப்படுகின்றனர் என்னும் கருத்து மீண்டும் வலுப்பெற்று, 2008இல் அமெரிக்கத் தேசியக் கணித ஆலோசனைக் குழுவின் அறிக்கையிலும் இடம்பெற்றது.

டெக்சஸ் மாநிலம் பிற மாநிலங்கள் பல ஏற்ற பொதுப் பாடத்திட்டத்தை ஏற்காமல் தன் பாடத்திட்டத்தையே பின்பற்றுகிறது. 2012இல் ஏற்கப்பட்ட அதன் கணிதப் பாடத்திட்டம், மூன்றாம் வகுப்பு மாணவர் 10 × 10 வரையிலான பெருக்கல்களைத் தயக்கமின்றி நினைவிலிருந்து சொல்ல வேண்டும் என வகுத்துள்ளது. கணிப்பானின் பிறப்பிடத்திலேயே வாய்பாடு சட்டப்படியான பாடமாக நிற்கிறது.

இர்விங் நகரின் தமிழ்ச் சூழல்

1903இல் இருப்புப் பாதையை ஒட்டித் தோன்றிய இர்விங், 1914இல் நகராட்சி ஆயிற்று. 1973இல் லாஸ் கொலினாஸ் திட்டக் குடியிருப்பும் அதையடுத்து டாலஸ்–ஃபோர்ட் வொர்த் விமான நிலையமும் அமைந்தபின் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகின. அவற்றை நாடி இந்தியக் குடும்பங்கள் வந்தன. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 2,56,684. 2014இல் தாமஸ் ஜெபர்சன் பூங்காவில் நிறுவப்பட்ட காந்தியடிகள் சிலை இந்தியச் சமூகத்தின் வேரூன்றலுக்குச் சான்று. நகரின் குழந்தைகள் குடியிருக்கும் பகுதிக்கேற்ப இர்விங், கொப்பெல், காரல்டன்–ஃபார்மர்ஸ் பிராஞ்ச் ஆகிய பள்ளி மாவட்டங்களில் பயில்கின்றனர்.

இக்குழந்தைகள் மூன்றாம் வகுப்பில் வாய்பாட்டை ஆங்கிலத்தில் கற்கின்றனர். அதில் தவறில்லை, பள்ளியின் மொழி அதுவே. ஆனால் அதன் விளைவை மொழி ஆய்வாளர் கவனிக்க வேண்டும். எலிசபெத் ஸ்பெல்க்கியும் சன்னா சிவ்கினும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ரஷ்யம், ஆங்கிலம் இரண்டும் அறிந்தவர்களுக்குப் புதிய எண் செய்திகள் ஏதேனும் ஒரு மொழியில் கற்பிக்கப்பட்டன. துல்லியமான எண் விடைகளைக் கற்ற மொழியிலேயே அவர்கள் விரைவாக நினைவுகூர்ந்தனர். தோராய மதிப்பீட்டில் மொழி வேறுபாடு புலப்படவில்லை. துல்லியக் கணக்கு, கற்ற சொற்களோடு பிணைந்தே நினைவில் தங்குகிறது என்பது இதனால் விளங்கும். எந்த மொழியில் வாய்பாடு படிகிறதோ அந்த மொழியே வாழ்நாள் முழுதும் கணக்கின் மொழியாகிறது. வீட்டில் தமிழ் பேசும் குழந்தை விலையையும் மணியையும் வயதையும் ஆங்கிலத்தில் சொல்வதற்குக் காரணம் இதுவே. தமிழ் உரையாடலில் ஆங்கிலம் முதலில் நுழையும் வாயில் பெரும்பாலும் எண்ணே.

நினைவாற்றலுக்கு இங்கே பஞ்சமில்லை. டாலஸ் வட்டாரத்தில் நடைபெறும் திருக்குறள் ஒப்பித்தல் போட்டிகளில் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகள் நூற்றுக்கணக்கான குறள்களை ஒப்பிக்கின்றனர். விரிகுடாப் பகுதியில் 1998இல் தொடங்கிய கலிபோர்னியா தமிழ்க் கழகம் முதலாகப் பல அமைப்புகள் தமிழ் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பாடநூல்களும் தேர்வுகளும் வகுத்துள்ளன. ஓதி உணரும் மரபைச் செய்யுளுக்குக் காத்துள்ள நாம், எண்ணுக்கு அதைக் கைவிட்டுள்ளோம். எண்ணுப் பெயர்கள் தொடக்க வகுப்பில் நூறு வரை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. தமிழகத்தின் ஆங்கிலவழிப் பள்ளிகளிலும் இதே நிலை இருப்பதால், இதைப் புலம்பெயர்ந்தோரின் குறையாக மட்டும் கருத இயலாது.

அங்குலக் கோலில் மாகாணி

மெட்ரிக் அளவையால் தமிழகம் இழந்த பின்னங்கள் அமெரிக்காவில் இன்றும் வழக்கில் உள்ளன என்பது நோக்கத்தக்கது. இர்விங் பள்ளிக் குழந்தையின் அங்குலக் கோலில் அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகிய நான்கு கோடுகளும் வெவ்வேறு உயரத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். ஓர் அவுன்ஸ் என்பது பவுண்டில் ஒரு வீசம். இரண்டு கோப்பை ஒரு பைன்ட், இரண்டு பைன்ட் ஒரு குவார்ட், நான்கு குவார்ட் ஒரு காலன் என்னும் வரிசை, ஆழாக்கிலிருந்து நாழி வரை இரட்டிக்கும் வரிசையை ஒத்தது. நியூயார்க் பங்குச் சந்தையில்கூட 2001 வரை விலைகள் அரைக்காலிலும் மாகாணியிலும் குறிக்கப்பட்டன. டெக்சஸ் மூன்றாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் 2, 3, 4, 6, 8 ஆகியவற்றைப் பகுதியாகக் கொண்ட பின்னங்கள் இடம்பெறுகின்றன. கடைசிப் பகுதி நம் அரைக்காலே.

ஆகவே ‘ஆறு முக்கால் நாலரை’ என்னும் தொடர், முக்கால் அங்குலப் பலகை ஆறினை அடுக்கினால் வரும் உயரத்தை இர்விங் வீட்டின் பட்டறையில் நேரடியாகச் சொல்கிறது. ‘ஐந்து அரைக்கால் அரையே அரைக்கால்’ என்பதை அளவுநாடாவில் விரல் வைத்துக் காட்டலாம். பன்னிரண்டு மாகாணி முக்கால் என்பது பன்னிரண்டு அவுன்ஸ் முக்கால் பவுண்டு என்பதே. தமிழகத்தில் அருங்காட்சியகப் பொருளாகிவிட்ட ஒரு வாய்பாடு, அதன் அளவைகள் வழங்கும் ஓரிடத்தில் நம் குழந்தைகளின் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது.

செயற்படுத்தத்தக்க அளவு சிறியது. ஒன்றும் பத்தும் எளியவை. வரிசை மாறினாலும் விடை மாறாது. அவற்றை நீக்கினால் 2 முதல் 9 வரையிலான எண்களுக்கு எஞ்சுவன 36 பெருக்கல்களே. பள்ளியில் ஆங்கில வாய்பாடு நிலைபெற்றபின், நான்காம் வகுப்பு அகவையில், வார இறுதித் தமிழ்ப் பள்ளி இந்த 36 தொடர்களைப் புணர்ச்சிப் பாடமாகக் கற்பிக்கலாம். ஈர், மூ, நால், ஐ, எண் என்னும் திரிபுகளை உணர்த்த இதனினும் இயல்பான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அதனோடு அரை, கால், முக்கால், அரைக்கால், மாகாணி ஆகிய ஐந்து பின்னங்களை அங்குலக் கோலும் அளவுக் கோப்பையும் கொண்டு பயிற்றலாம். குழந்தைக்கு இருமொழிச் சுமை ஏறும் என்போர் உண்டு. விடை முன்பே தெரிந்த பெருக்கலைத் தமிழ்ச் சொல்லில் பொதிந்து தருவதே இங்கு நடைபெறுகிறது. புதிய கணக்கு எதுவும் சுமத்தப்படுவதில்லை. மா, காணி, முந்திரி ஆகியவை ஆராய்ச்சிக்கு உரியனவாகவே நிற்கட்டும்.

முடிவுரை

எண்சுவடி தன் காலத்து நிலத்துக்கும் நெல்லுக்கும் நாணயத்துக்கும் ஏற்ப அமைந்த வாய்மொழிக் கருவி. சிலர்க்கு மட்டும் திறந்திருந்த பள்ளிகளில் அது பயிலப்பட்டது; அளவைகள் மாறியபோது அதன் பெரும்பகுதி வழக்கொழிந்தது. எஞ்சிய பகுதி, முழு எண் வாய்பாட்டின் புணர்ச்சி வடிவமும் பாதியாக்கிச் செல்லும் பின்னங்களும் ஆகும். இவ்விரண்டும் இர்விங் போன்ற நகரங்களில் பயன்பாட்டுக்கு உரியனவாகவே உள்ளன. தமிழில் எண்ணத் தெரிந்த கடைசித் தலைமுறையினர் பெற்றோராகவும் பாட்டன் பாட்டியராகவும் இவ்வீடுகளில் இன்று வாழ்கின்றனர். அவர்களது நினைவிலுள்ள வாய்பாடுகளை ஒலிப்பதிவு செய்து, வட்டார வேறுபாடுகளோடு தொகுப்பதும், புலம்பெயர் தமிழ்ப் பாடநூல்களில் எண்ணுக்கு ஓர் இயல் ஒதுக்குவதும் உடனடியாகச் செய்யத்தக்க பணிகள். முன்னது ஆய்வாளர் கடன். பின்னது தமிழ்ப் பள்ளிகளின் கடன்.